பங்குதாரர் பணம் என்ன இனாமா?

ஆடி, ஆவணி மாதங்கள் நம் நாட்டில் கம்பெனிகள் ஆண்டறிக்கை அனுப்பும் பருவம். முன்பெல்லாம் வழவழப்பான காகிதத்தில், கல்யாண ஆல்பம் போலக் கனமாக, தபால்காரர் கொண்டுவந்து போடுவார். இப்போது மின்னஞ்சலில் வருகிறது. காகிதம் போயிற்றே தவிர நடை போகவில்லை. முதல் பக்கத்தில் தலைவரின் சிரித்த முகம். அடுத்த பக்கத்தில் அவருடைய கடிதம். வருஷம் சோதனை மிகுந்ததாக இருந்ததாம். ஆனாலும் விற்பனை வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டதாம். லாபம் சென்ற ஆண்டைவிட இத்தனை சதவீதம் கூடியதாம். கடைசியில், பங்குதாரர்களின் செல்வத்தைப் பெருக்குவதே எங்கள் லட்சியம் என்று ஒரு வாக்கியம்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கணக்கு வழக்கில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு கதையில் யாரைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்களோ, அந்தப் பாத்திரம் கடைசி வரையில் மேடைக்கே வராமல் போனால், கதை எழுதுகிறவனுக்குத்தான் முதலில் சந்தேகம் தட்டும். ஆண்டறிக்கையில் பங்குதாரர் அப்படிப்பட்ட பாத்திரம். அவர் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது; அவருடைய கணக்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இது யாரோ பணக்காரர்களின் கவலை என்று தள்ளிவிடவும் முடியாது. பங்குகளை வைத்துக்கொள்வதற்கான டீமாட் கணக்குகள் நம் தேசத்தில் 2022-ஆம் வருஷமே 10 கோடியைத் தாண்டிவிட்டன. அத்தனை பேரும் ஆலை முதலாளிகளாக இருக்க முடியுமா? ஓய்வு பெற்ற ஆசிரியர், பாங்கு குமாஸ்தா, மகள் கல்யாணத்துக்கென்று மாதா மாதம் மூவாயிரம் ஒதுக்கும் கணக்கர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அவர்களுடைய பணத்தை வாங்கிக்கொண்டு, ‘உங்கள் செல்வத்தைப் பெருக்கினோம்’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் கோலால் அளந்து சொல்கிறீர் என்று கேட்பது நியாயந்தானே?

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை இருக்கும் கட்டடம் முதலாளிக்குத் தாத்தா வைத்துப்போன சொத்து. முதலாளி தம் கையிலிருந்து 40 லட்சம் ரூபாயைச் சரக்கில் போட்டிருக்கிறார். வருஷ முடிவில் கணக்குப்பிள்ளை வந்து, “முதலாளி, இந்த வருஷம் எல்லாச் செலவும் போக ஐந்து லட்சம் லாபம்” என்கிறார். முதலாளிக்கு மகிழ்ச்சி. கணக்குப்பிள்ளை கொஞ்சம் துடுக்கானவராக இருந்தால், “ஒன்று கேட்கட்டுங்களா? இந்தக் கட்டடத்தை வெளியே விட்டால் மாதம் முப்பதாயிரம் வாடகை வருமே, அது என்ன ஆச்சுங்க?” என்பார். வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். “நாற்பது லட்சத்தையும் பாங்கில் போட்டிருந்தால் ஏழு சதவீதம் வந்திருக்குமே?” அது 2 லட்சத்து 80 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 6 லட்சத்து 40 ஆயிரம். ஐந்து லட்சம் லாபம் என்று நினைத்த முதலாளி, உண்மையில் 1 லட்சத்து 40 ஆயிரத்தை விட்டுவிட்டுத்தான் கடை நடத்தியிருக்கிறார். சம்பளமில்லாமல் கல்லாவில் உட்கார்ந்த மூத்த பிள்ளையைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் மோசம்.

முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். “கட்டடம் நம்முடையது. பணமும் நம்முடையது. நம்ம பணத்துக்கு நாமே வட்டி கொடுப்போமாய்யா?” என்பார். அவர் அப்படிச் சொல்லலாம். அவர் கடை, அவர் பணம், அவர் பிள்ளை. ஊரார் பணத்தை வாங்கித் தொழில் நடத்துகிறவர்களும் இதே பதிலைச் சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எந்தக் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். மூலப்பொருளுக்கு ஒரு வரி. சம்பளத்துக்கு ஒரு வரி. மின்சாரத்துக்கு, இயந்திரத் தேய்மானத்துக்கு, பாங்குக் கடனின் வட்டிக்கு, சர்க்கார் வரிக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. இத்தனையும் கழித்து மிஞ்சுவது நிகர லாபம். பங்குதாரர் கொடுத்த பணத்துக்கு மட்டும் கூலி என்று ஒரு வரியும் கிடையாது. பாங்கு கொடுத்த நூறு ரூபாய்க்கு வட்டி உண்டு. நீங்களும் நானும் கொடுத்த நூறு ரூபாய் இனாம். ஏன் இப்படி என்று கணக்குத் தணிக்கையாளர்களைக் கேட்டால், வட்டி கொடுக்காவிட்டால் பாங்கு வழக்குப் போடும், பங்குதாரருக்கு அப்படி ஒரு பாத்தியதை இல்லை, ஆகையால் அது செலவாகாது என்பார்கள். சட்டப்படி சரி. கடன் கொடுத்தவர் சாதுவாக இருந்தால் கடனே இல்லை என்கிற மாதிரிதான் சரி.

இந்த ஒரு வரி இல்லாததால் என்னென்ன வேடிக்கை நடக்கிறது பாருங்கள். ஒரு லட்சம் ரூபாயைப் பாங்கில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டு, வட்டியையும் எடுக்காமல் அதிலேயே விட்டுவிடுகிறீர்கள். முதல் வருஷ வட்டி 7,000. இரண்டாம் வருஷம் 7,490. பத்தாம் வருஷம் 12,869. நீங்கள் சாய்வு நாற்காலியில் தூங்கினாலும் ஒவ்வொரு வருஷமும் ‘வரலாறு காணாத லாபம்’. பத்தாவது வருஷம் முதல் வருஷத்தைவிட 84 சதவீதம் உயர்வு. தொடாமல் கிடக்கும் சேமிப்புக் கணக்கில்கூட வட்டி ஏறிக்கொண்டேதான் போகும் என்று வாரன் பஃபெட் 1970-களிலேயே தம் பங்குதாரர்களுக்கு எழுதினார். நம் தலைவர்கள் கடிதங்களில் முழங்கும் லாப உயர்வில் பாதிக்கு மேல் இந்த ஜாதிதான் என்பது என் அபிப்பிராயம். பங்குதாரருக்குச் சேரவேண்டிய லாபத்தில் பெரும் பங்கைக் கம்பெனியே நிறுத்திக்கொள்கிறது. நிறுத்திய பணம் எங்கேயாவது கொஞ்சம் சம்பாதிக்கத்தானே செய்யும்? அதைச் சாதனை என்று எழுதுகிறார்கள்.

ஒரு கம்பெனியில் பங்குதாரர் பணம் 1,000 கோடி; லாபம் 80 கோடி. இன்னொன்றில் பங்குதாரர் பணம் 100 கோடி. லாபம் 25 கோடி. இந்த மாதிரி ஆபத்தான தொழிலில் பணம் போடுகிறவர் நூற்றுக்குப் பன்னிரண்டாவது எதிர்பார்ப்பார் என்று வைத்துக்கொண்டால், முதல் கம்பெனி 40 கோடியைக் கரைத்திருக்கிறது. இரண்டாவது 13 கோடியை உண்டாக்கியிருக்கிறது. பத்திரிகையில் யார் படம் பெரிதாக வரும்? 80 கோடிக்காரர் படந்தான். விருந்தும் பொன்னாடையும் அவருக்கே. நூற்றுக்கு எட்டு கொடுக்க ஒரு கம்பெனியும் அதற்கொரு தலைவரும் வேண்டியதில்லை. மூத்த குடிமக்களுக்கான தபால் நிலையச் சேமிப்புத் திட்டத்திலே 2023-இல் சர்க்கார் 8.2 சதவீதம் கொடுத்தது.

பங்குதாரர் பணத்துக்குக் கூலி என்பது ஏட்டுச் சுரைக்காய், அதை எந்த வீதத்தில் நிர்ணயிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நெய்வேலிக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். நெய்வேலி போன்ற மத்திய சர்க்கார் மின் நிலையங்கள் மின்சாரத்தை என்ன விலைக்கு விற்கலாம் என்பதை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. நிலக்கரி விலை, தேய்மானம், கடன் வட்டி, பராமரிப்பு இவற்றோடு இன்னொரு செலவையும் அது விலையில் சேர்க்க அனுமதிக்கிறது. அது என்ன தெரியுமா? பங்கு மூலதனத்துக்கு உரிய வருமானம்! 2009-இல் வகுத்த விதிகளில் அதை ஆண்டுக்கு 15.5 சதவீதம் என்று வைத்தார்கள். பின்னால் வந்த விதிகளும் அனல்மின் நிலையங்களுக்கு அந்த வீதத்தை விட்டுவைத்தன. அந்தத் தொகை மின்சாரத்தின் விலையோடு விலையாகக் கலந்து, கடைசியில் நம் வீட்டு மின்கட்டணம் வரையில் வந்து சேருகிறது.

ஆகவே பங்குப் பணத்துக்கு வாடகை உண்டென்பதும், அதை இத்தனை சதவீதம் என்று புள்ளி போட்டுச் சொல்ல முடியுமென்பதும் சர்க்காருக்குத் தெரியும், கம்பெனிகளுக்கும் தெரியும். மின்சாரம் வாங்குகிறவனிடம் பணம் வசூலிக்கும்போது அது செலவு. பங்குதாரரிடம் கணக்குக் காட்டும்போது அதே தொகை, தலைவரின் சாமர்த்தியத்தால் கிடைத்த லாபம். ஒரே ரூபாய்க்கு இரண்டு வேஷம். பதினைந்தரை சதவீதம் அதிகமா குறைவா என்பது வேறு வழக்கு. இந்த இரட்டை வேஷத்துக்கு ஒருவரும் விளக்கம் சொல்லி நான் படித்ததில்லை.

இனாம் பணம் என்ற எண்ணம் வந்துவிட்டால், அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்கிற பழக்கமும் போய்விடும். சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் கதையை நாம் அதற்குள் மறந்திருக்க மாட்டோம். 2009-ஆம் வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் பாங்குக் கையிருப்பாகக் காட்டப்பட்டிருந்த 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். அந்த இல்லாத பணத்துக்கு இல்லாத வட்டியாக 376 கோடி வேறு எழுதியிருந்தது. 2008 செப்டம்பரோடு முடிந்த மூன்று மாதத்தில் தொழில் லாபம் 649 கோடி, அதாவது வருவாயில் 24 சதவீதம் என்று காட்டியிருந்தார்கள். உண்மையில் 61 கோடி, 3 சதவீதம். 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு அன்று ஒரே நாளில் 40 ரூபாய்க்கு வந்தது. அதற்குச் சில மாதம் முன்னால்தான், 2008-இல், சீரிய நிர்வாகத்துக்கென்று அந்தக் கம்பெனிக்கு ‘தங்க மயில்’ விருது கொடுத்திருந்தார்கள். அப்புறம் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பங்குதாரர்கள் கூலிக் கணக்குக் கேட்டிருந்தால் மோசடியைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொய்க் கணக்கு எழுதத் துணிந்தவர் அந்த வரியையும் பொய்யாக எழுதியிருப்பார். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஐயாயிரம் கோடிக்கு மேல் பாங்கில் சும்மா கிடக்கிறது என்று அறிக்கை சொல்கிறது. நம் வீட்டில் ஐம்பதாயிரம் சும்மா கிடந்தால் அகமுடையாள் கேட்க மாட்டாளா? “இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள், தொழிலில் போடுங்கள் அல்லது எங்களிடம் கொடுங்கள்” என்று பெரிய முதலீட்டு ஸ்தாபனங்களெல்லாம் ஒன்றுகூடிக் கேட்டிருந்தால், கொடுப்பதற்குப் பணம் எங்கேயிருந்து வந்திருக்கும்? பணம் நிறையக் கையிருப்பு உள்ள கம்பெனி என்று மெச்சிக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, ஏட்டுக் கணக்கை விடுங்கள். பங்கின் விலைதான் உண்மையான அளவுகோல் என்று ஒரு கட்சி உண்டு. விலை ஏறினால் செல்வம் பெருகிற்று, இறங்கினால் கரைந்தது. பத்திரிகைகளுக்கு இந்தக் கட்சி மிகவும் பிடிக்கும். ‘ஒரே நாளில் முதலீட்டாளர்களுக்கு இத்தனை லட்சம் கோடி நஷ்டம்’ என்று தடித்த எழுத்தில் போடலாமே! அன்று விற்றவை ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கும். அந்த ஒரு பங்கின் விலையை எல்லாப் பங்குகளாலும் பெருக்கி எழுதிய தொகை அது. யார் பெட்டியிலும் அந்தப் பணம் நேற்று இருந்ததில்லை. நாட்டிலேயே பெரிய கம்பெனி எது என்று சந்தை மதிப்பை வைத்து வரிசைப்படுத்துவதும் இப்படித்தான். பங்குதாரர்களிடமே புதிதாகப் பத்தாயிரம் கோடி வாங்கிப் போட்டுக்கொண்டாலும் கம்பெனியின் சந்தை மதிப்பு கூடும். கூடியதிலிருந்து போட்டதைக் கழிக்க வேண்டாமா?

விலைக் கட்சிக்காரர்களின் தலைநகரம் அமெரிக்கா. அவர்களுடைய குலதெய்வம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி. ஜாக் வெல்ச் அதன் தலைமைக்கு வந்தது 1981-இல். அப்போது கம்பெனியின் சந்தை மதிப்பு ஏறக்குறைய 1,400 கோடி டாலர். 2001-இல் அவர் ஓய்வு பெற்றபோது 40,000 கோடி டாலருக்கு மேல். இடையில் 2000-ஆம் வருஷம் 60,000 கோடியை எட்டிப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சந்தை நிபுணர்கள் எவ்வளவு லாபம் எதிர்பார்க்கிறார்களோ அவ்வளவு, அல்லது ஒரு செண்டு கூடுதலாக, வந்துகொண்டே இருக்கும். விமான இயந்திரம், மின்விளக்கு, ரயில் எஞ்சின், மருத்துவக் கருவி, தொலைக்காட்சி என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பத்துத் தொழில்களில் லாபம் இப்படிப் பிசகாமல் வருமா? அந்த வீட்டுக்குள் ஒரு லேவாதேவிக் கடை இருந்தது. குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி, கூடுதல் வட்டிக்குக் கொடுக்கும் நிதிப் பிரிவு. கம்பெனி லாபத்தில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் அங்கேயிருந்து வந்தது. எந்த மாதம் எங்கே குறைந்தாலும் நிரப்பிக்கொள்ள அது சௌகரியமாக இருந்தது.

2008-இல் உலகத்துக் கடன் சந்தை உறைந்துபோனபோது லேவாதேவிக் கடை மூச்சுத் திணறிற்று. அவசரத்துக்குப் பணம் தேடி வாரன் பஃபெட்டிடம் போனார்கள். அவர் 300 கோடி டாலர் கொடுத்தார். இனாமாக அல்ல, ஆண்டுக்குப் பத்து சதவீதம் டிவிடெண்டு தரும் முன்னுரிமைப் பங்குகளுக்கு. இருபது வருஷமாகச் சாதாரணப் பங்குதாரரின் பணத்துக்குக் கூலி எழுதாத கம்பெனி, கேட்டு வாங்கத் தெரிந்தவர் வந்தவுடன் மறு பேச்சில்லாமல் பத்து சதவீதம் எழுதிக் கொடுத்தது. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2009 பிப்ரவரியில், 1938-க்குப் பின் முதல் தடவையாக, டிவிடெண்டு குறைந்தது. 31 செண்டு 10 செண்டாயிற்று. மார்ச்சில் பங்கு விலை ஏழு டாலருக்கும் கீழே போயிற்று. கணக்கு விதிகளை வளைத்துத் தவறான தோற்றம் காட்டியதாகப் பங்குச் சந்தை ஆணையம் தொடுத்த வழக்கை, குற்றத்தை ஒப்பவும் மறுக்கவும் இல்லாமல், அதே வருஷம் 5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். பங்குதாரர் செல்வம் என்ற மந்திரத்துக்கே உருவமாகக் கருதப்பட்ட வெல்ச், அதே 2009-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், அதைக் குறிக்கோளாக வைத்துக்கொள்வது உலகத்திலேயே மகா அசட்டுத்தனமான யோசனை என்று சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். பதவியில் இருந்தபோது சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அத்தோடு கதை முடியவில்லை. 2016-ஆம் வருஷத்தில் மட்டும் அந்தக் கம்பெனி 2,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, தன் பங்குகளையே ஏறக்குறைய முப்பது டாலர் விலையில் சந்தையிலிருந்து வாங்கிற்று. பங்குகளின் எண்ணிக்கை குறைந்தால் ஒரு பங்குக்கான லாபம் தானாகவே உயருமல்லவா? தொழிற்சாலையில் ஒரு திருகாணிகூடக் கூடுதலாகச் செய்யாமல் உயரும். 2018 முடிவில் அந்தப் பங்கின் விலை எட்டு டாலருக்கும் கீழே. அந்த வருஷம் ஜூன் மாதம், 1907 முதல் இடைவிடாமல் இருந்துவந்த டோ ஜோன்ஸ் பட்டியலிலிருந்து ஜெனரல் எலெக்ட்ரிக்கை எடுத்துவிட்டார்கள். பிறகு கம்பெனியையே மூன்றாகப் பிரித்தார்கள்; பாகப்பிரிவினை 2024 ஏப்ரலில் முடிந்தது. பிரிந்த பிறகு துண்டுகளின் விலை நன்றாக ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வேளை இவ்வளவு பெரிய கூட்டுக் குடும்பமாக வைத்திருந்ததே செல்வத்தைக் கரைத்ததோ என்னவோ!

இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. அரிசோனா ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹெண்ட்ரிக் பெஸம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரையில் அமெரிக்கச் சந்தையில் இருந்த 25 ஆயிரத்துச் சொச்சம் கம்பெனிகளையும் அவற்றின் ஆயுள் முழுவதும் கணக்கெடுத்து, 2018-இல் வெளியிட்டார். அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் நம் கணக்குப்பிள்ளையுடையதேதான்: அதே பணத்தைச் சர்க்காரின் ஒரு மாதக் கடன் பத்திரத்தில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பாதிக்கு மேற்பட்ட பங்குகள் அந்தச் சாதுவான பத்திரத்துக்கே தோற்றுப்போயின. தொண்ணூறு வருஷத்தில் கடன் பத்திரத்துக்கு மேல் உண்டான மொத்தச் செல்வமும் நூற்றுக்கு நாலு கம்பெனிகளிலிருந்து வந்தது. அந்த நாலில் முதல் ஐந்து இடங்களில் இருப்பவற்றில் ஒன்று ஜெனரல் எலெக்ட்ரிக்!

பிசகு எங்கே? எங்கும் இல்லை. தாத்தா வாங்கிவைத்த பங்குக்குக் கம்பெனி செல்வம் கொடுத்திருக்கிறது. 2000-இல் ஊரெல்லாம் மெச்சுகிறதே என்று வாங்கிய பேரனுடையதைக் கரைத்திருக்கிறது. ‘பங்குதாரர்’ என்று அறிக்கைகள் ஒருமையில் பேசுகிறதே, அப்படி ஒருவர் கிடையாது. எப்போது வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார், இடையில் என்ன பெற்றார் என்பதைச் சொல்லாமல் செல்வம் பெருகியதென்பது, குழந்தையின் வயதைச் சொல்லாமல் உயரத்தை மட்டும் சொல்கிற மாதிரி.

இவ்வளவும் நிபுணர்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். முதலுக்கு நடப்பு வட்டியைக் கழித்த பிறகு மிஞ்சுவதே தொழில் நடத்துகிறவரின் உண்மையான சம்பாத்தியம் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதிவிட்டார். அதையே நூறு வருஷம் கழித்து நியூயார்க்கில் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்ற ஆலோசனைக் கம்பெனி ‘பொருளாதாரக் கூடுதல் மதிப்பு’ என்று பெயர் சூட்டி, அந்தப் பெயரை வியாபாரச் சின்னமாகப் பதிந்துகொண்டு விற்றது. கணக்குப்பிள்ளை ஒரு நிமிஷத்தில் கேட்ட கேள்விக்கு நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள். இதை மூலதனமாக எண்ணு, அதைச் செலவில் சேர், இன்னதை ஐந்து வருஷத்துக்குப் பிரி. பங்குதாரர் எதிர்பார்க்கும் கூலி பத்தா பதின்மூன்றா என்று தீர்மானிக்க ஒரு சூத்திரம். அந்தச் சூத்திரத்தில் இரண்டு ஊகங்கள். பத்து என்று போட்டால் செல்வம் பெருகிற்று. பதின்மூன்று என்று போட்டால் கரைந்தது. எந்த எண்ணைப் போடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்? எவருடைய போனஸ் அந்த எண்ணைப் பொறுத்திருக்கிறதோ அவருடைய ஆபீஸ்.

நம் நாட்டிலே ஹிந்துஸ்தான் லீவரும் இன்ஃபோஸிஸும் சட்டம் கட்டாயப்படுத்தாமலே இந்தக் கணக்கைத் தங்கள் அறிக்கையில் அச்சிட்டதுண்டு. அதற்காக அவர்களுக்கு ஒரு நமஸ்காரம். ஆனால் பாருங்கள், வெளியிட முன்வருகிறவர்கள் நன்றாகத் தேறுகிறவர்கள். தோற்றுக்கொண்டிருக்கும் கம்பெனி எதுவும் தானாக முன்வந்து, ‘இந்த வருஷம் உங்கள் பணத்தில் இவ்வளவைக் கரைத்தோம்’ என்று ஒரு பக்கம் அச்சிட்டதாகத் தெரியவில்லை. விரும்பினால் வெளியிடலாம் என்று விட்டால் கெட்டிக்காரப் பையன்கள் மட்டுமே மார்க்கு அட்டையை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் எனக்கு அடி விழும் என்று தெரியும். கம்பெனி என்பது பங்குதாரனுக்காக மட்டும் இருக்கிறதா? தொழிலாளி இல்லையா, ஊர் இல்லையா, தேசம் இல்லையா என்பார்கள். ஜெட் ஏர்வேஸ் கம்பெனி 1993 முதல் 2019 வரையில் விமானம் விட்டது. லட்சக்கணக்கான பேர் சௌகரியமாகப் பறந்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன. 2005-இல் ஒரு பங்கு 1,100 ரூபாய் என்று ஜனங்களுக்கு விற்றார்கள். 2019 ஏப்ரலில் விமானங்கள் நின்றன. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் கம்பெனியைக் கலைத்துவிடச் சொல்லிற்று. பறந்தவருக்கு நன்மையே இல்லை என்று நான் சொல்வேனா? அந்த நன்மைக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர், பென்ஷன் பணத்தில் பங்கு வாங்கிய யாரோ ஒரு தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா. அவர் தர்மம் செய்ய நினைத்திருந்தால் ஊரிலே கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. கடைசியில் சம்பளப் பாக்கிக்கு அலைந்த தொழிலாளிகளும் அவரோடு அதே வரிசையில்தான் நின்றார்கள். முதலைக் கரைக்கிற கம்பெனி தொழிலாளியை ரொம்ப நாள் காப்பாற்றிவிடாது.

கிராமத்துக்கு மின்சாரம் கொடுப்பதற்காகக் குறைந்த கூலியில் தொழில் நடத்துகிறோம் என்று ஒரு சர்க்கார் கம்பெனி சொல்லட்டும். நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன். எவ்வளவு குறைவு, எத்தனை வருஷத்துக்கு என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். கொடுக்கிறவருக்குத் தெரியாமல் அவர் பையிலிருந்து எடுத்துச் செய்யும் தர்மத்துக்கு வேறு பெயர் இருக்கிறது.

நான் கேட்பது புதிய சூத்திரம் எதுவுமில்லை. லாப நஷ்டக் கணக்கின் அடியில், எல்லாக் கம்பெனிக்கும் கட்டாயமாக, ஒரே ஒரு வரி: பங்குதாரர் பணம் இவ்வளவு, அதற்குச் சர்க்கார் கடன் பத்திர வட்டி இவ்வளவு, அதைக் கழித்த பிறகு மிச்சம் இவ்வளவு. ஆபத்துக்கான கூலியைக்கூட நான் சேர்க்கவில்லை. அதில்தான் ஊகம் புகுந்து விளையாடும். பத்திர வட்டி என்ன என்பதில் யாரும் கைவைக்க முடியாது. இந்தச் சுலபமான பரீட்சையிலேயே எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.

அது சட்டமாகிற வரையில் ஆண்டுக் கூட்டம் இருக்கிறது. 2020 முதல் பல கம்பெனிகள் திரையிலேயே கூட்டம் நடத்துகின்றன. சென்னையிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டியதில்லை. பேச விரும்பும் பங்குதாரர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தலைவரின் தீர்க்கதரிசனத்தைப் புகழ்ந்து, கவிதை பாடி, போனஸ் பங்கு கேட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் பஃபெட்டின் பழைய கேள்வியைக் கேளுங்கள். “ஐயா, கடந்த பத்து வருஷத்தில் எங்களுக்குக் கொடுக்காமல் நீங்கள் நிறுத்திக்கொண்ட லாபம் மொத்தம் எவ்வளவு? நிறுத்திய ஒவ்வொரு ரூபாய்க்கும் கம்பெனியின் மதிப்பு ஒரு ரூபாயாவது கூடியிருக்கிறதா? பத்து வருஷத்துக்கு முன் பதினாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியவருக்கு டிவிடெண்டும் சேர்த்து இன்று எவ்வளவு? பாங்கில் ஏழு சதவீதத்தில் போட்டிருந்தால் அது ஏறக்குறைய இரட்டித்திருக்கும், ஆகையால் கேட்கிறேன்.”

தலைவர் எல்லாக் கேள்விகளையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு கடைசியில் பதில் சொல்வார். உங்கள் கேள்விக்கு மட்டும் காரியதரிசி தனியாக எழுதி அனுப்புவார் என்பார். என்றைக்குள் அனுப்புவார் என்று தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.